ஜெர்மனியில் மேற்படிப்பு: விண்ணப்பிக்கும் முன் நம் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் முதலிடம். 2023-24 குளிர்கால செமஸ்டரிலேயே எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டிவிட்டது. என்னிடம் சந்தேகம் கேட்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் பி.இ. அல்லது பி.டெக். முடித்துவிட்டு அங்கே மாஸ்டர்ஸ் படிக்க நினைப்பவர்கள். அதனால் அவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் இலங்கை மாணவர்களுக்கும் தனித்தனிக் கேள்விகள் உண்டு. இங்குள்ள தொகைகள் 2025 நிலவரப்படி. ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பு இலவசம் என்கிறார்களே, உண்மைதானா?

பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் உண்மைதான். டியூஷன் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை மட்டும் கட்ட வேண்டும். ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை வரும். பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் போன்ற ஊர்களில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். 2017 முதல் இந்த நடைமுறை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது: பெரும்பாலும் மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ, இளங்கலைக்கு 2,000 அல்லது 3,000. இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸ் என்றால் நான்கு செமஸ்டர். பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். "ஜெர்மனி என்றாலே இலவசம்" என்று பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, மியூனிக்கில் இடம் கிடைத்த பிறகு வீட்டில் பணத்துக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள்.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அங்கே முழுக் கட்டணம்தான்.

கன்சல்டன்சி இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் தருவதில்லை. தனியார் பல்கலைக்கழகங்களில் பல தருகின்றன. ஊரில் இருக்கும் ஏஜென்சி உங்கள் மார்க்ஷீட்டைப் பார்த்ததும் "அரசுப் பல்கலைக்கழகம் கஷ்டம், இந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரத்தில் அட்மிஷன் வாங்கித் தருகிறோம்" என்று சொன்னால், அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். தனியார் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற நல்லவையும் உண்டு. ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சம் கட்ட வேண்டிய இடத்துக்கு, இலவசமாகப் படிக்க வாய்ப்புள்ள ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுவது அநியாயம். அப்பா நகையை அடகு வைத்த பணம் அது.

ஏஜென்சி செய்யும் வேலை என்ன? படிவம் நிரப்புவது, மார்க்ஷீட்டை ஸ்கேன் செய்து ஏற்றுவது, எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம்) எழுதித் தருவது. முதல் இரண்டையும் நீங்களே செய்யலாம். மூன்றாவதை நீங்கள்தான் செய்ய வேண்டும். தகவல் வேண்டுமென்றால் டிஏஏடி இருக்கிறது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு அது. அதன் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளின் தேடல் பட்டியல் முழுக்க இலவசம். ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற தளத்தில் எல்லாப் படிப்புகளும் இருக்கின்றன. பட்டியலில் பிடித்ததைக் கண்டுபிடித்ததும் நேராக அந்தத் துறையின் சொந்தப் பக்கத்துக்குப் போய்விடுங்கள். அட்மிஷன் விதிமுறை ஆவணமாக அங்கேயே கிடக்கும். சில நேரம் ஜெர்மன் மொழியில் மட்டும் இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படியுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், அந்த ஆவணத்தை முழுதாகப் படிப்பது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வேலையைத் தொடங்க வேண்டும்?

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில், கோடைக்கால செமஸ்டர் ஏப்ரலில். பெரும்பாலான படிப்புகள் குளிர்காலத்தில்தான் தொடங்கும். பொதுவான கடைசித் தேதி ஜூலை 15 (கோடைக்கு ஜனவரி 15). ஆனால் இதை நம்பி உட்காராதீர்கள். வெளிநாட்டவருக்கு முன்கூட்டியே மூடிவிடும் இடங்கள் நிறைய. ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்கு மார்ச் 1, மியூனிக்கில் பல படிப்புகளுக்கு மே 31 என்று வழக்கமாக வரும்.

அக்டோபரில் வகுப்பு என்றால் முந்தைய ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை முடித்து, ஏபிஎஸ் (சான்றிதழ் சரிபார்ப்பு) வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

என்னுடைய சி.ஜி.பி.ஏ. போதுமா?

ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று இருக்கிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதே உச்ச மதிப்பெண்ணிலிருந்து தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள்.

உங்கள் சி.ஜி.பி.ஏ. 8.0, உச்சம் 10, தேர்ச்சி 5 என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.4, மூன்றால் பெருக்கினால் 1.2, ஒன்றைக் கூட்டினால் 2.2. இதையே திருப்பிப் போட்டால், "2.5 அல்லது அதைவிடச் சிறப்பாக" என்று கேட்கும் படிப்புக்கு 7.5 வேண்டும் என்று தெரியும். தேர்ச்சி எல்லை 4 என்றால் அதே 2.5-க்கு 7.0 போதும். அதனால் மார்க்ஷீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தேர்ச்சி விதியைக் கவனமாகப் பாருங்கள். அரைப் புள்ளி வித்தியாசத்தில் பல கதவுகள் திறக்கும், மூடும்.

7-க்குக் கீழே இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. குறைந்தபட்ச மதிப்பெண் கேட்காமல், பாடப் பொருத்தம் மட்டும் பார்க்கும் படிப்புகளும் இருக்கின்றன. கெம்னிட்ஸ், மாக்டபுர்க், இல்மெனாவ், கோட்புஸ், ஃப்ரைபெர்க் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களின் பல்கலைக்கழகங்களையும் தேடிப் பாருங்கள். பெரிய பெயர்களின் பின்னால் மட்டும் ஓடுகிறவர்கள் இவற்றைக் கவனிப்பதே இல்லை. படிப்பின் தரத்துக்குக் குறைவில்லை, வாடகையும் மிகக் குறைவு.

நல்ல மதிப்பெண் இருந்தும் நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

இதுதான் எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி. பெரும்பாலும் காரணம் ஒன்றே: பாடப் பொருத்தம் இல்லை.

நீங்கள் இளங்கலையில் என்னென்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்பதைத்தான் ஜெர்மன் பல்கலைக்கழகம் முதலில் பார்க்கிறது. கல்லூரியின் பெயரும், பிளேஸ்மென்ட்டும், நீங்கள் வாங்கிய கோர்ஸ் சான்றிதழ்களும் அதற்குப் பின்புதான். அவர்கள் இசிடிஎஸ் என்ற ஐரோப்பிய கிரெடிட்டில் கணக்குப் போடுவார்கள். ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு என்றால் 60 இசிடிஎஸ். நம் நான்காண்டுப் பொறியியல் 240-க்குச் சமம் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் டிகிரியின் மொத்த கிரெடிட் 160 என்றால், நம் ஊர் 4 கிரெடிட் பேப்பர் ஏறத்தாழ 6 இசிடிஎஸ். ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு "எனக்குக் கிரெடிட் பத்தவில்லை" என்று பயப்படாதீர்கள். முடிவு செய்வது அவர்கள்தான் என்றாலும், இந்தக் கணக்கு உங்களுக்கு நிலைமையைக் காட்டிவிடும்.

ஒரு டேட்டா சயின்ஸ் படிப்பின் விதியில் "கணிதம், புள்ளியியல் 20 இசிடிஎஸ், கணினி அறிவியல் 30 இசிடிஎஸ்" என்று இருக்கிறது என்று வையுங்கள். மெக்கானிக்கல் படித்த ஒருவர் விண்ணப்பிக்கிறார். எஞ்சினியரிங் மேத்ஸ் இரண்டு, டிரான்ஸ்ஃபார்ம்ஸ் ஒன்று, நியூமெரிக்கல் மெத்தட்ஸ் ஒன்று: ஒவ்வொன்றும் 4 கிரெடிட் என்றால் 24 இசிடிஎஸ். கணிதம் தேறிவிட்டது. கணினிப் பக்கம்? முதலாண்டில் பைத்தான், அதற்கு ஒரு லேப். முப்பதில் பத்துகூடத் தேறாது. அவர் 9.2 வாங்கியிருந்தாலும் பதில் "தகுதி இல்லை" என்றுதான் வரும். ஆன்லைன் கோர்ஸ்கள் பத்து முடித்திருந்தாலும் இந்தக் கணக்கில் பொதுவாகச் சேராது, ஏனென்றால் அவை பல்கலைக்கழக கிரெடிட் இல்லை.

விண்ணப்பிக்கும் முன் ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பகுதிகள், வலப்பக்கம் உங்கள் பேப்பர்கள். பேப்பரின் தலைப்பு ஒத்துப்போகாவிட்டாலும் சிலபஸ் ஒத்துப்போகலாம்; யூனிட் வாரியாகப் பாருங்கள். பல துறைகள் இந்த அட்டவணையை அவர்களே ஒரு படிவமாகத் தந்து நிரப்பச் சொல்கிறார்கள். சிலபஸ் புத்தகத்தின் பி.டி.எஃப்-ஐக் கல்லூரியை விட்டு வரும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேஷன் மாறிய பிறகு பழைய சிலபஸைத் தேடுவது பெரும் பாடு.

அரியர் வைத்திருந்தேன். பிரச்சினையா?

முடித்துவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவுக்குப் போகிறவர்களிடம் கேட்ட கதைகளை வைத்துப் பயப்பட வேண்டாம். இறுதி மதிப்பெண்ணும் பாடங்களும்தான் இங்கே கணக்கு. எழுத வேண்டிய அரியர் இன்னும் மிச்சம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

என் கல்லூரியின் பெயர் அவர்களுக்குத் தெரியுமா?

அனபின் என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் உலகின் கல்வி நிறுவனங்கள் பட்டியலிடப்பட்டிருக்கும். எச் பிளஸ் என்று குறித்திருந்தால் அங்கீகாரம் உண்டு. தேட வேண்டியது டிகிரி சான்றிதழில் அச்சாகியிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படித்தவருக்கு அண்ணா பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. அது எச் பிளஸ் பட்டியலில் இருக்கிறது. கிராமத்துக் கல்லூரியில் படித்தேன் என்று தயங்கும் எல்லோருக்கும் இதைச் சொல்ல ஆசை.

மூன்றாண்டு பி.எஸ்ஸி., பி.காம்., பி.சி.ஏ. படித்தவர்கள் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அனபினில் உங்கள் பட்டம் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, விண்ணப்பிக்கும் துறைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் நேராக இளங்கலைக்குப் போகலாமா?

நேராக என்றால் மிகச் சிலருக்குத்தான் வழி. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியவர்களுக்குத் தொழில்நுட்பப் படிப்புகளில் நேரடி வாய்ப்பு உண்டு. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமாக முடித்தவர்கள் அதே துறையில் விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் ஷ்டூடியன்கொலெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர வேண்டும். அதற்கே ஒரு நுழைவுத்தேர்வு. ஜெர்மன் மொழி குறைந்தது பி1 நிலை, பல இடங்களில் பி2 நிலை வரை தெரிந்திருக்க வேண்டும் (மொழி நிலைகள் ஏ1-இல் தொடங்கி சி2 வரை போகும்). பொறியியலுக்கு டி-கோர்ஸ், மருத்துவத்துக்கு எம்-கோர்ஸ், வணிகத்துக்கு டபிள்யூ-கோர்ஸ் என்று பிரிவுகள். இளங்கலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பிளஸ் ஒன் படிக்கும்போதே மொழி வகுப்பில் சேராதவர்களுக்கு இந்த வழி சிரமம்.

யூனிவர்சிட்டியா, ஹோக்ஷூலேயா?

யூனிவர்சிட்டிகள், அதாவது டி.யூ. (தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) போன்றவை, ஆராய்ச்சி சார்ந்தவை. தியரி கனமாக இருக்கும். ஹோக்ஷூலே வகையில் வரும் எஃப்.எச். அல்லது எச்.ஏ.டபிள்யூ. என்பவை பயன்முறை அறிவியல் கல்லூரிகள். வகுப்பு சிறியது, பாடம் நடத்துபவர்கள் தொழில் அனுபவம் உள்ளவர்கள், பயிற்சி அதிகம். பட்டத்தின் மதிப்பு சட்டப்படி ஒன்றே. தொழிற்சாலை வேலைதான் குறி என்றால் எஃப்.எச்.-ஐ இரண்டாம் தரமாக நினைக்கவே வேண்டாம்.

ஏபிஎஸ் சான்றிதழ் என்றால் என்ன?

உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் தூதரகத்தின் ஒரு பிரிவு சரிபார்த்துத் தரும் சான்று. 2022 நவம்பர் 1 முதல் இந்தியர்களின் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். ஆன்லைனில் பதிவு செய்து, பணம் கட்டி, படிவத்தோடு நகல்களைக் கூரியரில் அனுப்ப வேண்டும். சான்றிதழ் டிஜிட்டலாக வந்துவிடும். எத்தனை வாரம் என்பது சீசனைப் பொறுத்தது. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே கேட்பதால் இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் எத்தனை பல்கலைக்கழகத்துக்கும் பயன்படுத்தலாம்.

யூனி-அசிஸ்ட் வழியாகப் போடுவதா, நேரடியாகவா?

அந்தப் படிப்பின் பக்கம் என்ன சொல்கிறதோ அப்படி. யூனி-அசிஸ்ட் என்பது பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை முதற்கட்டமாகச் சரிபார்க்கும் பெர்லின் அமைப்பு. ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. பணம் வந்து சேர்ந்த பிறகுதான் பரிசீலிப்பார்கள்; அதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஏதாவது ஆவணம் குறைந்தால் மின்னஞ்சல் வரும். கடைசித் தேதிக்கு முன்பாக வந்தால்தான் சரிசெய்ய நேரம் இருக்கும். எனவே இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

சில இடங்கள் வி.பி.டி. என்ற முன்சரிபார்ப்பு ஆவணத்தை மட்டும் யூனி-அசிஸ்டிடம் வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தைத் தங்கள் தளத்தில் போடச் சொல்லும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அப்படித்தான்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க்ஷீட்டில் இனிஷியல். என்ன செய்வது?

நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மார்க்ஷீட்டில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, குடும்பப்பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். இன்னும் சிலருக்குக் குடும்பப்பெயர் கட்டமே காலியாக இருக்கும்.

வழி எளிது: ஏபிஎஸ், யூனி-அசிஸ்ட், ஐ.இ.எல்.டி.எஸ்., பிளாக்டு அக்கவுன்ட் (விசாவுக்காகச் செலவுப் பணத்தைப் போட்டு வைக்கும் கணக்கு), விசா எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். ஒரு படிவத்தில் இனிஷியல், இன்னொன்றில் முழுப்பெயர் என்று கலக்காதீர்கள். மார்க்ஷீட்டில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக் கையில் வையுங்கள். குடும்பப்பெயர் காலியாக உள்ளவர்கள் விண்ணப்பங்களைத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொண்டால் அங்கே போன பிறகு வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் நிம்மதி.

ஜெர்மன் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

ஆங்கிலவழி மாஸ்டர்ஸ் படிக்கலாம், ஐ.இ.எல்.டி.எஸ். 6.5 இருந்தால் பெரும்பாலான படிப்புகளுக்குப் போதும். ஆனால் வகுப்பறைக்கு வெளியே எல்லாமே ஜெர்மன்தான். வாடகை வீட்டுக்காரர், மருத்துவமனை வரவேற்பு, குடியேற்ற அலுவலகக் கடிதம், பகுதிநேர வேலைக்கான நேர்காணல் என்று எங்கும். படித்து முடித்த பிறகு வேலை கிடைக்காமல் தவிப்பவர்களைப் பார்த்தால், பாதிப் பேருக்குத் திறமை இருக்கிறது, மொழி இல்லை. கிளம்பும் முன் ஏ2 வரையாவது முடித்துவிடுங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ்முல்லர் பவன் வகுப்பும் நடத்துகிறது, தேர்வும் நடத்துகிறது. இடங்கள் வேகமாக நிரம்பிவிடும். ஜெர்மன்வழிப் படிப்புக்கு டெஸ்ட்டாஃப், டி.எஸ்.எச்.-2 அல்லது அதற்கு இணையான சி1 அளவுச் சான்று கேட்பார்கள்.

எஸ்.ஓ.பி.யில் என்ன எழுதுவது?

"சிறு வயதிலிருந்தே எனக்கு இயந்திரங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். படிப்பவர் ஒரு பேராசிரியர். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: நீங்கள் எதைப் படித்திருக்கிறீர்கள், அவர்களுடைய பாடத்திட்டத்தில் எந்தப் பாடம் உங்களுக்குத் தேவை, அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள். இறுதியாண்டு புராஜெக்டைப் பற்றி எழுதினால், குழுவில் நீங்கள் செய்த பகுதியை மட்டும் எழுதுங்கள். ஒன்றரைப் பக்கம் போதும். இணையத்தில் கிடைப்பதை நகலெடுக்காதீர்கள். பல இடங்களில் "இதை நானே எழுதினேன்" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் எல்லோரும் கேட்பதில்லை. கேட்டால், உங்களை நேரில் அறிந்த ஆசிரியரிடம் வாங்குங்கள், எச்.ஓ.டி.யாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பிளாக்டு அக்கவுன்ட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம். முன்கூட்டியே போட்டு வைத்தால், அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். இது கட்டணமில்லை, உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உள்ள பணம். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா, கொராகிள் போன்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கைத் திறந்து தருகின்றன.

கல்விக்கடனிலிருந்தும் இதற்குப் பணம் அனுப்பலாம். ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும், அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனக் கடன் என்றால் பிடிக்காது. பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். இதற்காகவே சிலர் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் மீதி என்று அனுப்புகிறார்கள்.

விசாவுக்கு எங்கே போக வேண்டும்?

இப்போது தூதரகத்தின் ஆன்லைன் போர்ட்டலிலேயே விண்ணப்பத்தை நிரப்பி ஆவணங்களை ஏற்ற முடியும். கைரேகைக்கும் மூல ஆவணங்களுக்கும் நேரில் வரச் சொல்வார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் கீழ்தான். கட்டணம் 75 யூரோ. அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுன்ட் உறுதி, காப்பீடு ஆகியவை முக்கியமானவை. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தியர்களுக்கு அது நடக்காது.

முன்பெல்லாம் விசா மறுத்தால் அதே அலுவலகத்துக்கு மறுபரிசீலனை மனு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் முதல் தடவையே ஆவணங்கள் முழுமையாக இருக்கட்டும்.

படித்துக்கொண்டே சம்பாதித்துச் செலவைச் சமாளிக்கலாமா?

ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் இது 120, 240 ஆக இருந்தது. குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 12.82 யூரோ, 2026 முதல் 13.90. துறையிலேயே பேராசிரியருக்கு உதவும் ஹிவி வேலை கிடைத்தால் படிப்புக்கும் நல்லது. நிறுவனங்களில் மாணவர்களுக்கென்று வெர்க்ஷ்டூடென்ட் வேலைகள் உண்டு. அனுபவமும் கிடைக்கும், சம்பளமும் கிடைக்கும்.

ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு எந்த வருமானத்தையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். வேலை தேடவே நேரம் வேண்டும். மருத்துவக் காப்பீடு மட்டுமே மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும். முப்பது வயதுக்கு மேல் போனால் மாணவர் சலுகைக் கட்டணம் கிடையாது.

தேர்வில் ஃபெயிலானால் மறுபடி எழுதிக்கொள்ளலாம்தானே?

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தைத் தேற மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் உங்கள் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. விசாவுக்கும் சிக்கல் வரும். நம் ஊரில் அரியர் வைத்து அடுத்தடுத்த செமஸ்டரில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த விதி இருப்பதே தெரிவதில்லை. தெரியும்போது இரண்டு வாய்ப்பு போயிருக்கும்.

இன்டர்னல் மார்க் என்று கைதூக்கிவிட ஒன்றும் இல்லை. பல பாடங்களில் செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு தேர்வு, அதுவே முழு மதிப்பெண். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தயாராக இல்லை என்றால் குறித்த தேதிக்குள் பதிவை ரத்து செய்ய வேண்டும். ரத்தும் செய்யாமல், தேர்வுக்கும் போகாமலிருந்தால் 5.0, அதாவது ஒரு வாய்ப்பு காலி. சேர்ந்த முதல் வாரமே தேர்வு விதிமுறைகளை எடுத்துப் படித்துவிடுங்கள். கஷ்டம் வந்தால் மறைக்காமல் துறையின் மாணவர் ஆலோசகரிடம் போங்கள். அவர்கள் உதவுவார்கள், அதற்காகவே இருக்கிறார்கள்.

தங்கும் இடம் எப்படித் தேடுவது?

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே அந்த ஊரின் ஷ்டூடீரென்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் மிக நீளம். மற்றபடி வெகே எனப்படும் பகிர்வு வீடுகளில் ஓர் அறை தேட வேண்டும். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது.

"நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், பணத்தை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று வரும் செய்தி மோசடி. வீட்டை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். முடிந்தால் அங்கே இருக்கும் சீனியரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. அதைத் தர மறுக்கும் வீடு வேண்டாம்.

ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

போட்டி கடுமை. இரண்டாண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள் டிஏஏடியின் வளர்ச்சி சார்ந்த முதுகலை உதவித்தொகையைப் பாருங்கள். சேர்ந்த பிறகு டாய்ச்லாண்ட்ஸ்டிபென்டியம் என்ற மாதம் 300 யூரோ உதவிக்குப் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஹைன்ரிஷ் போல், கொன்ராட் ஆடெனாவர், ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட் அறக்கட்டளைகளும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவுகின்றன.

படித்து முடித்ததும் திரும்பி வந்துவிட வேண்டுமா?

18 மாதம் வரை வேலை தேட அனுமதி கிடைக்கும். படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால் புளூ கார்டு (பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை, வசிப்பு அனுமதி) அல்லது வேறு வேலை அனுமதிக்கு மாறலாம். ஜெர்மன் பட்டம் உள்ளவர்கள் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டு இருந்தால், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால், நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம்.

நான் இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

ஏபிஎஸ் உங்களுக்குத் தேவையில்லை. விசா விண்ணப்பம் கொழும்புத் தூதரகத்தில். யூனி-அசிஸ்ட், பாடப் பொருத்தம், மதிப்பெண் மாற்றம், தேர்வு வாய்ப்புகள் எல்லாம் அப்படியே பொருந்தும். உங்கள் உயர்தரப் பரீட்சைக்கு என்ன மதிப்பு என்பதை அனபினில் பாருங்கள்.

உங்களில் பலருக்கு ஜெர்மனியில் உறவினர்கள் இருப்பார்கள். பிளாக்டு அக்கவுன்ட்டுக்குப் பதிலாக, அங்கே வசிக்கும் ஒருவர் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று அவருடைய ஊர்க் குடியேற்ற அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். அதற்கு அவருடைய வருமானத்தை அலுவலகம் பார்க்கும். மாமாவோ சித்தியோ சரி என்று சொல்லும் முன் ஒன்றை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அந்தப் பொறுப்பு பொதுவாக ஐந்து ஆண்டு நீடிக்கும். உங்களுக்காக அரசு ஏதாவது உதவித்தொகை செலவழிக்க நேர்ந்தால் அதை அவர்களிடம்தான் கேட்பார்கள்.